லிவர் ஆக்‌ஷன் துப்பாக்கி: துடைப்பது வீட்டு வேலை, தேய்ப்பது பட்டறை வேலை

மல்லேஸ்வரம் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருபவை காடு மல்லேஸ்வரர் கோயில், சம்பிகே ரோடு, எட்டாவது கிராஸ் கடைவீதி, சாங்கி ஏரி, காலை நேரத்துக் காப்பி மணம் ஆகியவைதாம். 1898-இல் பெங்களூரைப் பிளேக் நோய் உலுக்கிய பிறகு, காற்றோட்டமான புதிய குடியிருப்பாக எழுந்த பேட்டை இது. இந்த அமைதியான ஊரில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். ஆனால் இங்குள்ள சில பழைய வீடுகளில், வீணைக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் பக்கத்தில், பூட்டிய அலமாரிக்குள் ஒரு லைசென்ஸ் துப்பாக்கியும் இருக்கிறது. தாத்தா காலத்துத் தோட்ட வேலை, வனத்துறை வேலை, சமஸ்தான வேலை ஆகியவற்றின் மிச்சம் அது. அதை என்ன செய்வது என்பது மட்டும் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது.

ஒரு டிசம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை காலை, பதினைந்தாவது கிராஸ் பக்கத்திலிருந்து நண்பர் ஒருவரின் மகன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, தாத்தாவோட துப்பாக்கியில லிவர் ரொம்ப டைட்டா இருக்கு. நானே கழட்டித் தேச்சு ஸ்மூத் பண்ணிடலாம்னு இருக்கேன். நீங்க டூல் ரூம்ல இருந்தவர்தானே, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்றான். போய்ப் பார்த்தால், கூடத்தில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் ஓர் அரம், மூன்று தினுசு உப்புத்தாள், என்ஜின் வால்வு தேய்க்கும் பசை ஒரு டப்பா, மோட்டார் சைக்கிளுக்கு வைத்திருந்த ஸ்குரூ டிரைவர் எல்லாம் தயாராக இருந்தன. பக்கத்து நாற்காலியில் 84 வயதுத் தாத்தா. துப்பாக்கியும் லைசென்ஸும் அவர் பேரில்தான். அவருடைய தகப்பனார் சிக்கமகளூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் மேலாளராக இருந்தபோது வாங்கிய வின்செஸ்டர் 1895 ரைஃபிள் அது.

"தம்பி, முதல்ல அந்த அரத்தை எடுத்து உள்ளே வை. அப்புறம் பேசலாம்" என்றேன்.

அன்று அந்தப் பையனிடம் சொன்னவற்றைச் சற்று விரித்து எழுதுவதே இக்கட்டுரை. துப்பாக்கி இல்லாத வீட்டாரும் இதைப் படிக்கலாம். பழைய இயந்திரம் ஒன்று இறுகிப் போனால் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற பாடம் எல்லா வீட்டுக்கும் பொதுவானது.

லிவர் ஆக்‌ஷன் என்றால் என்ன?

நம் நாட்டில் லைசென்ஸ் பெற்றவர்களிடம் காணப்படும் ரைஃபிள்களில் ஒன்று போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். கதவுத் தாழ்ப்பாளைப் போல ஒரு கைப்பிடியைத் தூக்கி, பின்னுக்கு இழுத்து, மறுபடி முன்னுக்குத் தள்ளிப் பூட்டும் வகை அது. லிவர் ஆக்‌ஷன் வேறு விதம். விசையைச் சுற்றியிருக்கும் வளையமே நீண்டு ஒரு நெம்புகோலாக இருக்கும். அந்த வளையத்துக்குள் விரல்களை விட்டுக் கீழே தள்ளி மேலே இழுத்தால், சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழுந்து, அடுத்த தோட்டா உள்ளே போய்விடும்.

அமெரிக்காவில் 1860-இல் காப்புரிமை பெற்ற ஹென்றி ரைஃபிள் இவ்வகையை நிலைநாட்டியது. அதன் வழியில் 1866-இலும் 1873-இலும் வின்செஸ்டர் ரைஃபிள்கள் வந்தன. பின்னர் ஜான் பிரௌனிங் என்ற மேதை 1886, 1892, 1894, 1895 ஆகிய ஆண்டுகளின் பெயர் தாங்கிய மாதிரிகளை வடிவமைத்துக் கொடுத்தார். முந்தைய மாதிரிகளில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே உள்ள நீண்ட குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். அப்படி இருக்கையில் கூர்முனைத் தோட்டாவைப் போட முடியாது. பின்னால் உள்ள தோட்டாவின் கூர்முனை, முன்னால் உள்ள தோட்டாவின் பிரைமரில் இடித்துக்கொண்டிருக்கும் என்பதே காரணம். 1895 மாதிரியில் பிரௌனிங் இதற்கு வழி கண்டார். தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பெட்டியை விசைக்கு முன்னால் அமைத்தார். முதல் உலகப் போரின்போது ரஷ்ய அரசு இந்த மாதிரியைக் கிட்டத்தட்ட 3 லட்சம் எண்ணிக்கையில் வாங்கியது என்பது குறிப்பிடத்தக்கது.

1904-இல் இதற்கென்றே .405 என்ற பெரிய தோட்டா வெளிவந்தது. 1909-இல் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போன முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் எடுத்துச் சென்ற துப்பாக்கிகளில் .405 வின்செஸ்டரும் ஒன்று.

பெங்களூரின் .405

ரூஸ்வெல்ட் கதை நமக்குத் தூரம். பக்கத்துக் கதை ஒன்று உண்டு. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) கையில் இருந்ததும் இதே 1895 மாதிரி .405 வின்செஸ்டர்தான். இந்துஸ்தான் ஏர்கிராப்ட் தொழிற்சாலையில் பணியாற்றிய அவர், ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடிப்போன அனுபவங்களைப் புத்தகங்களாக எழுதினார். முதல் புத்தகம் 1954-இல் வந்தது. அவர் நடந்த காடுகளில் பல நம் தமிழ்நாட்டு எல்லைக் காடுகள். ஜவளகிரி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் என்று ஓசூர், தருமபுரிப் பக்கத்து ஊர்ப்பெயர்கள் அவர் எழுத்தில் அடிக்கடி வரும். அந்த முதல் புத்தகத்தில் ஜாலஹள்ளிச் சிறுத்தையைப் பற்றி ஓர் அத்தியாயமே இருக்கிறது. மல்லேஸ்வரத்திலிருந்து யஷ்வந்தபுரத்தைத் தாண்டினால் ஜாலஹள்ளி. பின்னாளில் எச்.எம்.டி. ஆலை எழுந்து, நம்மவர்கள் பலர் ஷிப்டுக்குப் போய்வந்த அதே ஜாலஹள்ளி!

ஆண்டர்சனின் கதைகளைக் கன்னடத்தில் 'காடின கதெகளு' என்ற பெயரில் கொண்டுவந்தவர் பூர்ணசந்திர தேஜஸ்வி. ஆகவே நம் பிள்ளைகளின் கன்னட நண்பர்களுக்கும் அந்த .405 பழக்கமான ஒன்றே.

உள்ளே என்ன நடக்கிறது?

ஒரு லிவர் ஆக்‌ஷனில் அடிப்படையாக ஐந்து பொருள்கள் அசைகின்றன: லிவர், போல்ட், பூட்டுக்கட்டை, சுத்தி, அடுத்த தோட்டா.

லிவரைக் கீழே தள்ளத் தொடங்கியதும் முதலில் இறங்குவது பூட்டுக்கட்டை. போல்ட்டுக்கு முட்டுக்கொடுத்து நிற்கும் எஃகுத் துண்டு அது. கதவுக்குப் பின்னால் போடும் உழலைமரம் போன்றது. அது விலகியபின் போல்ட் பின்னோக்கி நகரும். நகரும்போது சுட்ட கூட்டைத் தோட்டா அறையிலிருந்து இழுத்து வெளியே எறியும். இன்னும் பின்னால் போகும்போது சுத்தியை அழுத்திப் படுக்க வைக்கும். சுத்தியும் பின்னால் கொக்கியில் மாட்டித் தயாராக நிற்கும். லிவரை மேலே இழுக்கையில் போல்ட் முன்னேறி, பெட்டியின் மேல் தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய் அறைக்குள் செருகும். கடைசியாகப் பூட்டுக்கட்டை மேலே ஏறிப் போல்ட்டைப் பூட்டும்.

அந்தப் பூட்டுக்கட்டை எதைத் தாங்குகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். .405 தோட்டாவின் ஈயமுனை சுமார் 19.4 கிராம் எடை. குழலைவிட்டு நொடிக்கு ஏறத்தாழ 670 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. பள்ளியில் படித்த சூத்திரத்தின்படி இயக்க ஆற்றல் ஏறக்குறைய 4,350 ஜூல் வரும். 60 கிலோ எடையுள்ள ஒரு மனிதரைத் தரையிலிருந்து 7 மீட்டர் உயரத்துக்கு, அதாவது இரண்டாவது மாடி அளவுக்குத் தூக்கும் ஆற்றல் அது! அந்த ஈயத்தை முன்னே தள்ளும் வாயு அதே நேரத்தில் கூட்டைப் பின்னேயும் தள்ளும். பின்னே இருப்பது சுடுபவரின் முகம். நடுவில் நிற்பது போல்ட்டும் அந்தப் பூட்டுக்கட்டையும்தான்.

"இப்ப சொல்லு, அரம் எந்த இடத்துல போடப் போறே?" என்று பையனைக் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை.

எங்கே இறுகுகிறது என்று கேட்டறிதல்

வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் முதலில் பார்க்க வேண்டியது, இறுக்கம் லிவரின் எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதை. காலித் துப்பாக்கியில் மெதுவாக, மிக மெதுவாக, லிவரைத் திறந்து மூடினால் கையே சொல்லிவிடும்.

திறக்கத் தொடங்கும்போதே இறுகினால், பூட்டுக்கட்டை அதன் பள்ளத்தில் சிக்குகிறது என்று பொருள். அழுக்கோ, பிசிரோ, துருவோ காரணமாக இருக்கலாம்.

பாதிக்குமேல் போனபின் கனமானால், அது பெரும்பாலும் கோளாறே அல்ல. போல்ட் சுத்தியின்மேல் ஏறி அதன் ஸ்பிரிங்கை அழுத்துகிறது. அந்தக் கனம் இருக்க வேண்டிய கனம். இதைக் கோளாறு என்று எண்ணி ஸ்பிரிங்கை வெட்டுபவர்கள் உண்டு. வெட்டினால் லிவர் லேசாகும்தான். ஆனால் சுத்தியின் அடி பலம் குறைந்து தோட்டா வெடிக்காமல் போகலாம். ஆட்கொல்லிக்கு எதிரே நின்றவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. இன்று நமக்கும், வெடிக்காத தோட்டா உள்ளே இருக்கும் துப்பாக்கி ஆபத்தான பொருளே.

போகும் வழி முழுவதும் சொரசொரவென்று உரசினால், போல்ட் ஓடும் தடத்தில் பழைய எண்ணெய்ப் பிசினும் தூசியும் சேர்ந்திருக்கின்றன.

மூடும்போது கடைசி அங்குலத்தில் மட்டும் தடை இருந்தால், ஒன்று தோட்டா அறையில் அழுக்கு அல்லது துரு. இல்லையேல் பூட்டுக்கட்டை ஏறும் இடத்தில் பிசிர். இதுதான் கவனிக்கத்தக்க அறிகுறி. இதை வீட்டில் தீர்க்கக் கூடாது.

தோட்டா நிரப்பினால் காலியாக இருந்ததைவிடச் சற்றுக் கனமாக இருப்பதும் இயல்பே. பெட்டியின் ஸ்பிரிங் தோட்டாவை மேலே தள்ளி, போல்ட்டின் அடிவயிற்றில் அழுத்துகிறது. ஆனால் இதைச் சோதிக்க வீட்டில் உயிர்த் தோட்டா போட்டு லிவரை ஓட்டிப் பார்ப்பது கூடவே கூடாது. ஒவ்வொரு முறை மூடும்போதும் அறையில் தோட்டாவும், தயார் நிலையில் சுத்தியும் இருக்கும். வளையத்துக்குள் இருக்கும் விரல் விசையில் பட்டுவிட்டால் அடுத்த வீட்டுச் சுவர் தாங்காது.

தேங்காய் எண்ணெய் செய்த வேலை

தாத்தாவிடம் கேட்டேன்: "எப்போதிலிருந்து இப்படி?"

"வருஷா வருஷம் மார்கழியில இப்படித்தான் ஆகும். மாசியில தானா சரியாயிடும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எந்த எண்ணெய் போடறீங்க?"

"வேறென்ன, தேங்காய் எண்ணெய்தான். அப்பா காலத்துலேர்ந்து அதுதான்."

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24, 25 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும். சென்னையில் இது அதிகம் தெரியாது. பெங்களூரின் டிசம்பர் இரவுகளிலோ வெப்பம் 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். குளியலறைப் புட்டியில் எண்ணெய் வெள்ளையாக உறைந்திருப்பதைத் தினமும் பார்க்கிறோம். துப்பாக்கிக்குள்ளும் அதேதான் நடந்தது. அது மட்டுமல்ல, உண்ணும் எண்ணெய்கள் நாளடைவில் காறிப்போகும். காறிய எண்ணெயில் அமிலம் உண்டாகி உலோகத்தைத் தின்னும். நல்லெண்ணெய் போன்றவை காற்றுப் பட்டுப் பசையாக இறுகும். தூசி அதில் ஒட்டி, பல வருடங்களில் அரக்குபோல் ஆகிவிடும். அந்த அரக்கைத்தான் நம் பையன் எஃகின் கோளாறு என்று எண்ணி அரம் வாங்கி வந்திருக்கிறான்.

வீட்டில் செய்யத் தக்கவை

லைசென்ஸ் உள்ளவர் உடனிருக்க, நாங்கள் செய்தவை இவைதாம்.

முதலாவதாக, தோட்டாக்கள் எல்லாவற்றையும் எண்ணி வேறு அறையில் வைத்துப் பூட்டினோம். பிறகு லிவரைத் திறந்து, அறையும் பெட்டியும் காலிதானா என்று கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தொட்டுப் பார்த்தோம். தாத்தா ஒருமுறை, பையன் ஒருமுறை, நான் ஒருமுறை. 1895 மாதிரியில் பெட்டி மேலிருந்தே தெரியும். குழாயில் தோட்டா அடுக்கும் மாதிரிகளில் ஒன்று உள்ளே சிக்கி ஒளிந்திருக்கலாம். அங்கே இரட்டைக் கவனம் வேண்டும்.

இரண்டாவதாக, எந்தத் திருகாணியையும் தொடவில்லை. லிவரைத் திறந்து வைத்தாலே அழுக்குச் சேரும் இடங்களில் பெரும்பாலானவற்றைக் கை எட்டும். வீட்டு ஸ்குரூ டிரைவரின் முனை ஆப்புப்போல் சரிந்திருக்கும். துப்பாக்கித் திருகாணியின் பள்ளமோ நேர்ச்சுவர் கொண்டது. பொருந்தாத முனையைப் போட்டுத் திருகினால் பள்ளம் கிழிந்துவிடும். கிழிந்த திருகாணியைப் பார்த்தே 'இது வீட்டில் கழற்றியது' என்று பட்டறைக்காரர் கண்டுபிடித்துவிடுவார்.

மூன்றாவதாக, ஜன்னல்களைத் திறந்து வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷைக் கெரசினில் தொட்டுத் தடங்களைத் துலக்கினோம். பழுப்பு நிறக் குழம்பு வந்துகொண்டே இருந்தது. பஞ்சுத் துணியால் துடைத்து, மறுபடி துலக்கி, மறுபடி துடைத்தோம். மரக்கட்டையில் கெரசின் படாமல் துணி சுற்றிக்கொண்டோம். முழுதாக உலரவிட்டபின், தையல் மெஷினுக்குப் போடும் மெல்லிய கனிம எண்ணெயை ஒவ்வோர் உரசும் இடத்திலும் ஒரே ஒரு சொட்டு. அதிகம் போட்டால் தூசியை அழைக்கும். எண்ணெயைப் போட்டுத் துடைத்தபின் மிஞ்சுவதே போதுமான எண்ணெய்.

நான்காவதாக, குழல். இவ்வகைத் துப்பாக்கியைப் பெரும்பாலும் பின்பக்கத்திலிருந்து கம்பி விட்டுத் துடைக்க முடியாது. வாய்ப்பக்கத்திலிருந்துதான் விட வேண்டும். கம்பி வாயின் ஓரத்தில் உரசி உரசி அதைத் தேய்த்தால் குறி பிசகும். ஆகவே கயிற்றில் துணி கட்டி, அறைப்பக்கத்திலிருந்து வாய்ப்பக்கம் இழுப்பதே நல்லது. ஒரு முக்கியமான விஷயம்: முற்காலத் தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகக் குழலில் படியும். சமையல் உப்பின் பங்காளி அது. எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். பழைய தோட்டா சுட்ட குழலை முதலில் வெந்நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன் பிறகே எண்ணெய் இட வேண்டும். வெறும் எண்ணெய் பூசி வைத்தால் எண்ணெய்க்கு அடியில் துரு வளரும்.

ஐந்தாவதாக, வைக்கும் இடம். தோலுறைக்குள் போட்டு வைப்பது வழக்கம், அது தவறு. தோல் ஈரத்தை உறிஞ்சி வைக்கும். பதனிட்ட அமிலமும் அதில் மிச்சமிருக்கும். பருத்தித் துணி சுற்றி, காற்றோட்டமுள்ள பூட்டிய அலமாரியில் வைத்து, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

இவ்வளவும் முடிய மூன்று மணி நேரம் ஆயிற்று. அதன்பின் தாத்தா லிவரைத் திறந்து மூடினார். இரண்டு விரலில் இறங்கியது. "அப்பா வெச்சிருந்த மாதிரியே இருக்குடா" என்றார். கண் கலங்கியிருந்தது. ஆனால் மூடும்போது கடைசி அரை அங்குலத்தில் மட்டும் ஒரு சிறு முடிச்சு மிச்சமிருந்தது. அங்கேதான் நாங்கள் நிறுத்திக்கொண்டோம்.

பட்டறைக்கு உரியவை

மெருகேற்றுதல் என்பது உண்மையில் என்ன? தேர்ந்த துப்பாக்கித் தச்சர் பாகங்களை வரிசையாகக் கழற்றி, உரசும் முகங்களில் மை தடவி, மறுபடி பூட்டி ஓட்டிப் பார்ப்பார். மை அழிந்து பளபளக்கும் இடமே உயர்ந்திருக்கும் இடம். அந்த இடத்தை மட்டும், மிக நுண்ணிய எண்ணெய்க்கல்லால், சில இழுப்புகள். மறுபடி மை, மறுபடி சோதனை. கூர்விளிம்பில் உள்ள பிசிரை எடுப்பார். முகத்தின் மட்டத்தைக் குலைக்க மாட்டார். உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்த்தால் மூலைகள் உருண்டு, சமதளம் குழிந்துவிடும். டூல் ரூமில் வேலை கற்றுக்கொள்ள வந்த பையன்கள் எல்லோரும் முதல் வாரத்தில் செய்யும் தவறு அது.

தச்சர் ஒருபோதும் அவசரத்தில் கல் வைக்காத இடங்கள் மூன்று. ஒன்று, பூட்டுக்கட்டையும் போல்ட்டும் முட்டும் முகம். அங்கே தேய்ந்தால் போல்ட்டுக்கும் தோட்டாவின் அடிக்கும் இடையே இடைவெளி கூடும். இடைவெளி கூடினால் சுடும்போது பித்தளைக் கூடு பின்னே நீண்டு கிழியலாம். கிழிந்தால் கொதிக்கும் வாயு முகத்துக்கு வரும். இரண்டு, சுத்தியின் பள்ளமும் அதில் மாட்டும் கொக்கியும். அங்கே இம்மியளவு மாறினால், கீழே வைக்கும் அதிர்ச்சியிலேயே துப்பாக்கி வெடிக்கலாம். மூன்று, மேற்பரப்பு மட்டும் கடினமாக்கப்பட்ட பாகங்கள். அவற்றின் மேல்தோல் காகிதம்போல் மெல்லியது. அதைத் தேய்த்து எடுத்துவிட்டால், முதல் மாதம் வழவழப்பாக ஓடும். பிறகு அடியில் உள்ள மென்மையான இரும்பு விரைவில் தேய்ந்து முன்பைவிட மோசமாகும்.

வால்வுப் பசை இன்னும் கெடுதல். எந்த இடம் தேய வேண்டும் என்று பசைக்குத் தெரியாது. எல்லா இடத்தையும் தேய்க்கும். மூலைகளில் தங்கி, பல வருடம் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

சட்டம் சொல்வது

வெளிமாநிலத்தில் வாழும் நாம் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் என்கிறது. இது பலருக்குத் தெரியும். துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கும் தனி லைசென்ஸ் வேண்டும் என்று 5-ஆம் பிரிவு சொல்வது பலருக்குத் தெரியாது. 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அதை மீறினால் தண்டனை குறைந்தது 7 ஆண்டுச் சிறை. துடைத்து எண்ணெய் இடுவது உடைமையாளரின் பராமரிப்பு. பாகத்தைத் தேய்த்து அளவை மாற்றுவது பழுதுபார்ப்பு என்று வைத்துக்கொண்டால் நாம் பத்திரமாக இருப்போம்.

பட்டறைக்கு எடுத்துப்போக லைசென்ஸ்தாரரே வர முடியாவிட்டால்? சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. லைசென்ஸ்தாரர் எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்தால், பழுதுபார்ப்பதற்காகவோ லைசென்ஸைப் புதுப்பிப்பதற்காகவோ வேறொருவர் எடுத்துச் செல்லலாம். கடிதத்தோடு லைசென்ஸும் கூட இருக்கட்டும். லைசென்ஸ் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்பது அதிலேயே எழுதியிருக்கும். கர்நாடகத்துக்கு மட்டும் என்று இருந்தால், ஓசூர் எல்லையைத் தாண்டி ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பெரியவர் காலத்துக்குப் பிறகு என்ன என்பது. லைசென்ஸ்தாரர் காலமானால், அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கும் உரிமை தானாகப் பிள்ளைகளுக்கு வந்துவிடாது. தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது பெற வேண்டும் என்பது 21-ஆம் பிரிவு. துக்க வீட்டில் இது யாருக்கும் ஞாபகம் வராது. அலமாரியில் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, பின்னாளில் வீட்டை விற்கும்போது கண்டெடுத்துத் தவித்த குடும்பங்கள் உண்டு. ஆனால் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, அவர் உயிரோடிருக்கும்போதே தம் வாரிசு ஒருவரைக் குறித்துக்கொடுத்து, அவர் பேரில் லைசென்ஸ் கேட்கலாம். வேண்டாம் என்றால், உரிய அனுமதியோடு விற்பனையாளரிடம் விற்றுவிடலாம். 2019 திருத்தத்தின்படி ஒருவர் 2 துப்பாக்கிகளுக்குமேல் வைத்திருக்க முடியாது என்பதையும் நினைவில் கொள்க.

இத்தனை தொல்லைப்பட்டு வைத்துக்கொள்ள வேண்டுமா என்றும் கேட்கலாம். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆண்டர்சனே பிற்காலத்தில் துப்பாக்கியைவிடக் காமிராவை அதிகம் விரும்பியவர். வைத்துக்கொள்வதும் விடுவதும் குடும்பத்தின் விருப்பம். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டிய காலம், பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்லக்கூடிய காலம்.

முடிவுரை

அந்த முடிச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாத்தாவின் கடிதத்தோடு பையன் லைசென்ஸ் பெற்ற பட்டறை ஒன்றுக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோனான். பூட்டுக்கட்டையின் மேல் விளிம்பில், எப்போதோ யாரோ சுத்தியலால் தட்டியதால் எழுந்த ஒரு பிசிர். அந்தத் தச்சர் மை தடவி, கல்லால் ஆறேழு இழுப்பு இழுத்து, துடைத்துக் கொடுத்தார். முகத்தை அவர் தொடவே இல்லை என்று பையன் வியந்து சொன்னான். "மாமா, நான் அன்னைக்கு அந்த முகத்தைத்தான் தேய்க்கறதா இருந்தேன்" என்றான்.

திரும்பி வந்த மாதமே தாத்தா வாரிசுக்கான மனுவில் கையெழுத்துப் போட்டார். பேரன் பேரில் அல்ல, மகன் பேரில். "இவன் இன்னும் கொஞ்சம் பொறுமை கத்துக்கட்டும்" என்றாராம்.

அரம் இப்போது அந்த வீட்டுப் பரணில் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் சமையலறைக்குத் திரும்பிவிட்டது. அடுத்த மார்கழியில் லிவர் இறுகவில்லை.